கரடி சொன்னால் சரி

"அந்தப் புது கார் ரேஸ் கேமை உனக்கு வாங்கித் தரட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டான் மெக்கானிக்.

"வேண்டாம். பாதி கேமை வித்துட்டு, மீதிக்குத் தனியா காசு புடுங்குறானுங்களாம். கரடி சொன்னார்," என்றாள் மனைவி, ஹெட்போனைக் கழற்றாமல்.

"எப்பப் பாரு கரடி புராணம்! கரடின்னு பேர் வெச்சுக்கிட்டு ஆன்லைன்ல கூட விளையாடுறவன் பேச்சு, புருஷன் பேச்சை விட உசத்தியா? யாருடி அவன்?"

"நல்ல மனுஷர். பேச ஆரம்பிச்சா நேரம் போறதே தெரியாது."

அவனுக்குப் பொறுக்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டினான்.

"நம்ம பழைய சண்டை கேமையே ஆடும்மா மருமகளே. குடுத்த காசுக்கு அதுதான் தேறும். நான் விளையாடுறதை மட்டும் அவன்கிட்ட சொல்லிடாதே, சிரிப்பான்."

அப்பாவின் குரல்! அவன் ஃபோன் செய்தால், "ம், சரி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத அப்பா.

அப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.