கந்தையா நாகேந்திரம்

கொழும்பு வெள்ளவத்தை டிக்கட் அலுவலகத்தில் மத்தியான வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கம்ப்யூட்டர் திரையில் விழுகிறது. யாழ்ப்பாணம் போகும் பலாலி விமானத்துக்கு டிக்கட் பதியும் நேசமலர் கையால் நிழல் பிடித்துப் பார்க்கிறாள். முன்னால் நிற்கும் பெரியவரின் அடையாள அட்டையில் கந்தையா நாகேந்திரம். டிக்கட்டில் நாகேந்திரம் கந்தையா. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் வரும் என்பது இந்தப் புது மென்பொருளுக்குத் தெரியாது. “அட்டையைப் பார்க்கிற ஆமிக்காரனுக்கு இது ரெண்டு ஆள், பிள்ளை. திருப்பி அனுப்பிப்போடுவான்,” என்கிறார் நாகேந்திரம். நாளை மறுநாள் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் அவர் மனைவிக்கு ஒப்பரேஷன். மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்த இளைஞன் கழுத்துப்பட்டியைத் தளர்த்துகிறான். “உங்கட பொஸ் பார்த்து ஓகே சொன்னவர், மிஸ்.” “அவர் பார்த்தது நீங்கள் விற்கேக்க காட்டின படத்தை. நாள் முழுக்கத் தட்டுறது நான். என்னட்ட ஆர் கேட்டது? ஒருநாள் இந்தக் கதிரையில இருந்து பாரும், எல்லாம் விளங்கும்.” “அடுத்த வேர்ஷன்ல திருத்தலாம்.” “அது எப்ப தம்பி?” “ஆறு மாசத்தில, அங்கிள்.” நாகேந்திரம் சிரிக்கிறார், சத்தம் வரவில்லை. மேலே மின்விசிறி அனலையே சுற்றிச் சுற்றித் தள்ளுகிறது. முதலாளி இனித் தொடக்கூடாதென்ற, கையால் எழுதும் பழைய டிக்கட் புத்தகத்தை நேசமலர் மேசைக்கடியிலிருந்து இழுத்து, பேனையைத் திறக்கிறாள். “பேரைச் சொல்லுங்கோ அய்யா. நீங்கள் சொல்லுற மாதிரியே எழுதுறன்.”