தோணியில் ஒரு கனடாப் பந்தாட்டம்

வாவி நடுவில் தோணி போகிறது பிள்ளைகளே, மாலை வெயில் தண்ணீரில் மஞ்சளாய்க் கரைந்து கிடக்கிறது. உலக யுத்தச் சண்டைக்கு விமானப் படையோடு வந்த கனடாக்காரன் அலன், காய்ச்சலில் மெலிந்த உடம்போடு இருக்கிறான். மடியில் மூன்று மாதம் பிந்தி வந்த கடிதம், இன்னும் பிரிக்கவில்லை. ஊரில் அவன் தம்பி சம்பளத்துக்குப் பந்தாடுகிறவன். கடிதத்துக்கு ஓர் ஆட்டமாக எழுதுவான். போன கடிதம் சொன்னபடி, இந்தக் கடிதத்து ஆட்டத்தில் வென்றிருந்தால் இன்னும் ஓர் ஆட்டம் உண்டு. தோற்றிருந்தால் பருவம் முடிந்தது, மறுநாளே தம்பியும் பட்டாளத்துக்குப் போயிருப்பான். அவனுக்குத் துணையாக வந்த நேர்ஸ் மக்டலேன் இதைத் தமிழில் சொல்ல, தோணிக்காரர் மூத்ததம்பி துடுப்பை நிறுத்துகிறார்.

“பந்து உருண்டைதானே, மிஸ்ஸி?”

“இல்லண்ணே, ரெண்டு பக்கமும் கூராம்.”

“அப்ப உருளாதே! மறுகா என்னெண்டு விளையாடுற?”

“கட்டிப்புடிச்சிக்கிட்டு ஓடுறதாம்.”

மூத்ததம்பி சிரித்து, பிறகு கடிதத்தைப் பார்க்கிறார். “எங்கட கொம்புமுறி விளையாட்டில நான் தென்சேரிக் கட்சி. வடசேரிட வளைஞ்ச மரக்கொம்பையும் எங்கட கொம்பையும் கொளுவி இழுக்கிற. ஒண்டு முறியுமட்டும் ஆருக்கும் தோல்வி இல்ல, ஒருத்தரும் வீட்ட போறல்ல. துரைட கொம்பு இன்னும் முறியல்லெண்டு சொல்லுங்க.”

அவள் சொல்கிறாள். அலன் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டுகிறான். கரையில் யாரோ கூப்பிடுகிறார்கள். மூத்ததம்பி துடுப்பை மடியில் குறுக்கே வைத்து, தூரத்து ஆரவாரம் கேட்பவர்போல் தலையைச் சாய்த்திருக்கிறார். தோணி நகரவில்லை. கடிதத்துக்குள் தம்பி பந்தைக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறான்.