சத்தம் முன்னே, படம் பின்னே

ஒரே ஒரு ஊரிலே, ஒரே ஒரு வீட்டிலே, ஒரே ஒரு பெரிய டிவி. அதற்குச் சீக்கு என்று மெக்கானிக்கை வரச் சொல்லியிருந்தார்கள்.

கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா அவரைச் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"வாங்க. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு ஆகிப்போச்சு எங்க டிவி. சத்தம் முதல்ல வருது, படம் ஆடி அசைஞ்சு அப்புறமா வருது. எல்லாம் என் தம்பி பண்ற கூத்து. டிவியில கம்ப்யூட்டரை மாட்டி விளையாடறான், நாற்பது வயசுல!"

கூடத்தில் இரண்டு ஆண்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். கையில் மட்டை இல்லை. ஆளுக்கொரு கன்ட்ரோலர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். தம்பிக்காரருக்கு எதிரே பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு டிவி. அந்த அம்மாவின் கணவருக்கோ, முக்காலி மேல் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பழைய மானிட்டர்.

"பார்த்தீங்களா நியாயத்தை?" அந்த அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை. "இவருக்கு வாதத்துல வலது கை விழுந்து ஏழு மாசம். விரலை அசைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா கை கட்டையாப் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பந்தை அமுக்கச் சொன்னா ஜன்னல் வழியா வீசறார். இந்த விளையாட்டுக்கு மட்டும்தான் உட்கார்றார். அந்த மனுஷனுக்குக் கைக்கண்ணாடி, இந்தத் தடியனுக்குச் சினிமாக் கொட்டகை!"

"பெரிய டிவி எனக்குத்தான் அக்கா. அதுல பேச்சே கிடையாது" என்றார் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு பந்தைக் கோட்டை விட்டார். "அய்யய்யோ! போச்சே!"

"பதினொண்ணு ஏழு" என்றார் கணவர், மீசைக்குள் சிரித்துக்கொண்டு.

மெக்கானிக்குக்குத் தம்பியின் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வந்த வேலையைப் பார்ப்போம் என்று ரிமோட்டை எடுத்தார்.

"டிவிக்கு ஒரு கேடும் இல்லம்மா. கம்ப்யூட்டர் அனுப்பற படத்தை இது சீவி சிங்காரிச்சுத்தான் காட்டுது. அந்தச் சிங்காரத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்குது. கேம் மோடுன்னு ஒண்ணு இருக்கு. போட்டா வந்த படம் வந்தபடியே தெரியும்."

"வேண்டாம்" என்றார் தம்பி சட்டென்று. "இருக்கறபடியே இருக்கட்டும்."

"காசா பணமா சார், ஒரு பட்டன்." அமுக்கிவிட்டார்.

அடுத்த ஆட்டத்தில் தம்பியின் மட்டை ஒரு பந்தையும் விடவில்லை. ஐந்து பூஜ்யம். அவர் முகம்தான் தோற்றவன் முகம் மாதிரி இருந்தது. ஆறாவது பந்தைத் தொடாமல் விட்டார். ஏழாவதையும் விட்டார்.

"விட்டுக்கொடுக்கறியா மாப்ளே?" கணவர் கன்ட்ரோலரை மடியில் போட்டார். "எனக்குப் பிச்சை வேண்டாம். போதும், எழுந்திரு."

தம்பி எழுந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனார்.

"குடியைக் கெடுத்தீங்களே! தோத்தா அத்தான் நாலு நாளைக்குக் கன்ட்ரோலரைக் கையால தொடமாட்டார். நான் வேணும்னே தோத்தா கண்டுபிடிச்சுடுவார். மூச்சைக் கொடுத்து ஆடியும் தோக்கணும். அதுக்குத்தான் அந்த டிவியில உட்கார்றேன். படம் லேட்டா வந்தா நான் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் பந்து போயிடும். இதை அக்காகிட்டகூடச் சொல்லலை. சொன்னா பாசத்துல உளறிடுவா."

மெக்கானிக் கூடத்துக்குத் திரும்பி வந்து, "ஒரு செட்டிங் தப்பாப் போட்டுட்டேன் சார், இந்த டிவிக்கு அது ஒத்துக்காது" என்று பட்டனைத் திருப்பிப் போட்டார்.

"ஒரே ஒரு ஆட்டம் அத்தான். என் மேல ஆணை, விட்டுத்தரமாட்டேன்."

ஆணையைக் காப்பாற்றினார். வியர்த்து விறுவிறுத்து ஆடி, பதினொன்றுக்கு ஐந்தில் தோற்றார். "இந்தக் கன்ட்ரோலரே திருட்டு!" என்று அவர் கத்திய கத்தலில் அந்த அம்மாவே சிரித்துவிட்டாள்.

மெக்கானிக் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வேலை முடிந்த சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். "நான் போட்டுத் தர்றேன்" என்று கணவர் வாசல்வரை கூடவே வந்தார்.

கதவைச் சாத்திவிட்டுப் பேனாவை வாங்கினார். வலது கையில். தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரே இழுப்பில் கையெழுத்து விழுந்தது.

மெக்கானிக் அந்தக் கையையே பார்த்தார்.

"சரியாகி ரெண்டு மாசம் ஆச்சு. வீட்டுக்காரிக்கும் தெரியும். அவளும் சேர்ந்துதான் நடிக்கறா. பெரிய டிவிக்காக அவனைத் திட்டற திட்டு மட்டும்தான் இந்த வீட்ல அசல்."

"அப்புறம் ஏன் சார்..."

"பொண்டாட்டி போனதிலேருந்து கதவைச் சாத்திக்கிட்டு ஒத்தையாக் கிடந்தவன் அவன். நாங்க எவ்வளவு கூப்பிட்டும் வரலை. எனக்குக் கை விழுந்துதுன்னு கேட்டுத்தான் வெளியில வந்தான். சரியாயிடுச்சுன்னு சொன்னா திரும்பிப் போய்ச் சாத்திக்குவான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அத்தான்! ஜெயிச்சுட்டு ஓடிட்டா ஆச்சா?"

"வந்துட்டேன் மாப்ளே!" சீட்டை நாலாய் மடித்து மெக்கானிக்கின் சட்டைப் பையில் வைத்தார். "இந்தக் கையெழுத்தை மட்டும் அவன் கண்ணுல காட்டிடாதீங்க."

வலது கையை மெல்லத் தொங்கவிட்டுக்கொண்டு, அவர் உள்ளே நடந்தார்.