தீர்மானப்படி மைனா

சிமென்ட் பெஞ்சில் பறவை நோக்கர் மன்றத் தலைவர், ஃபோர்மேன் பக்தவத்சலம். கழுத்தில் மன்றத்தின் ஒரே பைனாகுலர். எதிரே, கவிழ்த்த பெயின்ட் டப்பாவில் பொருளாளர் வேலுசாமி. தரையில் பேப்பர் விரித்துச் செயலாளர் மனோகரன். சற்றுத் தள்ளி வேப்பமர வேரில் அவன் மனைவி வனஜா.

ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற காடு. ஐப்பசி பிறந்தால் வடக்கேயிருந்து பாட்டுக்குருவிகள் வந்து இறங்கும்.

இந்த வருஷம் தொழிற்சாலையின் எஸ்டேட் ஆபீஸ் மன்றத்தைக் கேட்டிருந்தது: வலசைப் பறவை வருகிறதா? வந்தால் காடு நிற்கும். வராவிட்டால் வெட்டிவிட்டு நாற்பது குவார்ட்டர்ஸ்.

மனோகரனுக்குப் பறவை என்றால் உயிர். ஆனால் திருமுல்லைவாயலில் ஒற்றை அறை வாடகை வீடு. அடுப்பை அணைத்தால்தான் பாய் விரிக்க இடம். வேலுசாமிக்கும் அதே கதை. தலைவர் மருமகனுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைக்க அலைகிறார்.

ஆகவே மூவரும் விடியற்காலையிலிருந்து காடெல்லாம் நடந்து, ஒன்றும் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். வேலுசாமி வழியெல்லாம் இருமினார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோதுதான் அது சருகில் தத்தித் தத்தி வந்தது. பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. தலைவரின் செருப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்று சீட்டி அடித்தது.

வேலுசாமி இருமிப் பார்த்தும் அது நகரவில்லை.

“ஏங்க, இதோ! வடக்கேருந்து வந்துடுச்சுன்னு வருஷா வருஷம் காட்டுவீங்களே, ஆறுமணிக்குருவி!” வனஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தலைவர் பைனாகுலரைத் தூக்கி வேறு பக்கம் பார்த்தார். “உள்ளூர் மைனான்னு முன்மொழியிறேன்.”

“வழிமொழியிறேன் சார். அசல் மைனா. மூக்கு இன்னா மஞ்சளா கீது!” என்றார் வேலுசாமி.

கறுத்த மூக்கால் குருவி ஒரு புழுவை இழுத்தது.

இருவரும் மனோகரனைப் பார்த்தார்கள். வனஜாவும் பார்த்தாள்.

“மைனாதான்” என்றான் மனோகரன்.

ஏகமனதாக நிறைவேறியது. முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, மடித்து, உறையில் போட்டான். ஒட்டப் பசை இல்லை.

வனஜா எழுந்து வந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து, உறையின் ஓரத்தில் நசுக்கித் தேய்த்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

“குவார்ட்டர்ஸ் கட்டும்போது ஜன்னல் இந்தப் பக்கமா வைக்கச் சொல்லுங்க. மைனாவப் பாத்துக்கினே சமைக்கலாம்.”

வேலுசாமி கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.