இல்லை என்ற சேதி

லேப் பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

முடிவுக்காகக் காத்திருந்தவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

பெண் வேலைக்குப் புதிது. கழுத்தில் தொங்கிய அட்டையில் ஜெபசெல்வி என்று இருந்தது. துக்க வீட்டுக்கு வந்தவள்போல முகத்தை வைத்திருந்தாள்.



கர்ப்பப் பரிசோதனைதான். இரத்தத்தில் பார்ப்பது.

முதல்முறை 'ஆமாம்' என்று வந்தது. மாமியார் தெருவுக்கே கல்கண்டு கொடுத்தாள்.

ஸ்கேனில் குழந்தை இல்லை. முத்துப்பிள்ளை என்றார்கள். கருப்பை நிறைய நீர்க்குமிழிகள், திராட்சைக் கொத்துபோல. சுத்தம் செய்து அனுப்பினார்கள். அதன் பிறகும் இரத்தத்தில் 'ஆமாம்' ஏறிக்கொண்டே போனது. மிச்சம் இருந்தது புற்றாக மாறியிருந்தது. அபூர்வமாக வருவது என்றார் மதுரை டாக்டர்.

தன் வாழ்க்கையில் அபூர்வமாக எதுவும் நடப்பதில்லை என்று அதுவரை அவளுக்கு ஒரு குறை இருந்தது.

பிறகு ஊசி. வாயெல்லாம் புண். மோர்ச்சோறுகூட எரிந்தது. தலைமுடி மட்டும் கொட்டவில்லை. அதனால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

"இந்த டெஸ்ட்ல உங்களுக்கு இல்லைன்னு வரணும்மா," என்றிருந்தார் டாக்டர். "வந்தா மருந்து கேட்டுருச்சுன்னு அர்த்தம். ஒரு வருஷம் அப்படியே இருந்தா, தாராளமா பிள்ளை பெத்துக்கலாம்."

வாரா வாரம் எண் இறங்கியது. இல்லை என்று மட்டும் வரவில்லை.

ஜெபசெல்வி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இந்தத் தடவ இல்லக்கா. நெகட்டிவ்னு வந்திருக்கு. மனச விட்டுறாதீங்க."

அவள் தாளை வாங்கினாள். எழுத்துகள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல."

அவள் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சர்க்கரை பார்க்க வந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஜெபசெல்வி பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

கணவன் எதிர் டீக்கடையில் நின்றான். உள்ளே வர அவனுக்குத் தைரியம் கிடையாது. பைக்கைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் அங்கேயே நின்றுவிடுவான். அந்தப் பைக்கை இனாமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

அவனைக் கூப்பிட்டாள். போனைப் பெண்ணின் காதில் வைத்தாள்.

"இவர்கிட்டயும் சொல்லு. அப்படியே சொல்லு."



"அண்ணே... இல்லண்ணே. நெகட்டிவ். அக்காவ நீங்கதான் தேத்தணும்."

கண்ணாடிக் கதவு வழியே இருவரும் பார்த்தார்கள். அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. இன்னொரு கையால் டீக்கடையில் நின்றவர்களுக்கெல்லாம் வடை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணனும் சிரிக்காங்க," என்றாள் ஜெபசெல்வி, ஒன்றும் விளங்காமல்.

ஆனாலும் ஆறுதல் சொல்வதை அவள் விடவில்லை.

"அடுத்த மாசம் கண்டிப்பா நல்ல சேதி வரும்க்கா."

"அவசரமில்லம்மா. ஒரு வருஷம் இதையே சொல்லு. அப்புறமா மாத்திச் சொல்லு."