ஐஸ் அறையின் வாய்

பெர்ப்பேத்தின் தூண்டில் முள்ளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்னும் முட்டையிடாத சூரை மீன் கடித்தால், அது தானாகவே நிமிர்ந்து மீனை விட்டுவிடும். தூத்துக்குடியில் எல்லாப் படகிலும் இப்போது இந்த முள்தான். முதல் சில வருடங்கள் வெறும் படகோடு திரும்பும்போதெல்லாம் அவள் புருஷன் கஸ்பார் முனகுவான்: "இந்த முள்ளு நம்ம ஆளா, மீனோட ஆளா?"

படகு கட்டிய காலத்தில் சூரைகள் வளரும் முன்பே பிடிபட்டுக்கொண்டிருந்தன. ஐஸ் அறையின் வாய் எவ்வளவு அகலம் வேண்டுமென்று ஆசாரி சந்தியாகு கேட்டதற்கு, "ஒரு முழம் போதும்ணே. அதுக்கு மேல பெருசா இந்தக் கடல்ல என்ன இருக்கு?" என்று பெர்ப்பேத்து சிரித்தாள்.

படகு கட்டிப் பதினோராவது வருடம், ஒரு காலையில், அதுவரை பார்க்காத பெரிய சூரை ஒன்று முள்ளில் வந்தது. நாலு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். தலையை விட்டுப் பார்த்தார்கள், வாலை விட்டுப் பார்த்தார்கள். வயிறு அறைக்குள் நுழையவில்லை. கரைக்கோ ஏழு மணி நேரம். வெயில் பட்டால் சதை கெட்டுவிடும். பெர்ப்பேத்து உள்ளிருந்த ஐஸையெல்லாம் அள்ளி மீன்மேல் கொட்டினாள். கஸ்பார் தன் போர்வையைக் கடலில் நனைத்துப் போர்த்திவிட்டு, வழி நெடுக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

கரையில் செவுளைத் தூக்கிப் பார்த்தால் நல்ல ரத்தச் சிவப்பு. அறையின் வாயைப் பெரிதாக்கச் சந்தியாகு டேப்போடு வந்து மீனின் வயிற்றை அளந்தார்.

"இந்த அகலம் போதுமாம்மா?"

அவள் பதில் சொல்லுமுன் கஸ்பார் முந்திக்கொண்டான்.

"இதோட அம்மா இன்னும் கடல்லதான் இருக்காண்ணே. அவளுக்கு வெட்டுங்க."