கையெழுத்துக்கு ஓர் ஆள்

அது ஆடியா ஆவணியா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கொரிய மொழியில் எம்.ஏ. படித்துத் தங்கப்பதக்கம் வாங்கிய சுடர்க்கொடிக்குத் தொழிற்சாலையில் ஒரே வேலைதான்: முதலாளியின் கொரியப் பேச்சைத் தமிழாக்கும் கருவியின் மொழிபெயர்ப்புக்குக் கீழே ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவது.

அன்று கொரிய முதலாளி தன் மொழியில் எரிந்துவிழுந்தார். “உங்கள் உழைப்பை மதிக்கிறோம், சற்று ஓய்வெடுங்கள்” என்று தமிழில் குழைந்தது கருவி. சூப்பர்வைசர் தணிகாசலம் பூரித்துப்போனார்.

சுடர்க்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். “அண்ணே, அடுத்த மாசம் கம்பெனிய மூடப்போறாராம். உடனே சங்கத்துல சொல்லுங்க.”

“உனக்குப் பொறாமைம்மா! மெஷின் எவ்ளோ மரியாதையாப் பேசுது!”

அவரே அவள்மேல் புகார் எழுதிக்கொடுத்தார்.

சுடர்க்கொடிக்கு அன்றே வேலை போனது. மறுமாதம் தணிகாசலத்தோடு முந்நூறு பேருக்குப் போனது. கருவி இப்போது பல்கலைக்கழகத்தில் கொரிய மொழித் துறைத் தலைவராக இருக்கிறது.